கடிப்பு

வன்னியில் வற்றாப்பளையிலோ புதூர் நாகதம்பிரான் கோயிலிலோ தவிலைக் கேட்டுப் பழகிய காது, வவுனியா தாண்டி அனுராதபுரம் போனால் அங்கேயும் ஓர் உறவுக்காரனை அடையாளம் காணும். ஸ்ரீமகாபோதியில் பூசைக்கு ஒலிக்கும் அந்த மேளத்துக்குச் சிங்களத்தில் தவுல என்று பெயர். மரத்தைக் குடைந்த உடல், இரண்டு பக்கமும் தோல். ஒரு முகத்துக்குக் கை, மறுமுகத்துக்குக் கோல். நம் தவிலிலும் தொப்பி என்ற முகத்துக்குக் கம்பு, வலந்தலை என்ற மறுமுகத்துக்குக் கூடு மாட்டிய விரல்கள்.

துருக்கியரிடம் தாவுல் இருக்கிறது. அதுவும் இருமுக மேளம், கோலால் அடிபடுவது. ஸுர்னா என்ற குழலே அதன் துணை. இங்கே தவிலுக்கு நாதஸ்வரம், தவுலவுக்கு ஹொரணேவ. பெயரும் துணைக்குழலும் மூன்று இடத்திலும் இப்படி ஒத்துவருவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

கிழக்காசியப் பௌத்தர் தட்டும் மரமீன் என்ற தாளக்கருவியின் பெயரோ வேறு வழியில் போனது. சீனர் மூயூ என்று வாசிக்கும் அதே இரண்டு எழுத்தை யப்பானியர் மொகுகியோ என்று வாசிக்கிறார்கள். மரம், மீன் என்ற பொருள் எழுத்திலேயே நிற்கிறது. நம் தீவில் பெயர்கள் செவிவழியே கைமாறின. பொருள் தேய்ந்து ஒலி மிஞ்சியது. தவுலவோடு சேர்ந்து ஒலிக்கும் இரட்டைக் கொட்டான தம்மெட்டமவைப் பாருங்கள். நம் தம்பட்டம்தான் அந்தப் பெயரில் கேட்கிறது. நமக்கோ இன்று தம்பட்டம் என்றால் தற்பெருமை.

என்னை அதிகம் உலுக்கியது கோலின் பெயர். தவுல அடிக்கும் கோலைச் சிங்களக் கலைஞர்கள் கடிப்புவ என்கிறார்கள். தம்மெட்டமவின் வளைந்த இரு கோல்களுக்கும் ஏறக்குறைய அதே பெயர். கடிப்பு! சங்கப் பாடல்களில் முரசறையும் குறுந்தடிக்கு வழங்கிய சொல் அல்லவா அது? புறநானூறு படித்தவர்கள் அதை உரையில் பார்த்துக் கடந்திருப்பார்கள். நம் பேச்சிலிருந்து அது எப்போதோ போய்விட்டது. தவிற்காரர் கையில் இருப்பது இப்போது வெறும் கம்பு. கடிப்பு இன்றும் அன்றாடம் உழைப்பது விகாரைகளில்.

தவில் பழக வரும் வன்னிப் பிள்ளைகளுக்குத் தொப்பி, வலந்தலை, கூடு என்று பெயர் சொல்லும்போது, பூவரசங் கம்பைக் கையில் கொடுத்து, கடிப்பு என்றும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அனுராதபுரத்து மேளகாரருக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கும்.