வேலூரில் புருவம் நட்ட கதை

மொரப்பூர் ரயில் நிலையத்தைப் பத்தி எழுதுப்பான்னு நண்பர்கள் ரொம்ப நாளா நச்சரிக்கிறாங்க. 1906ல இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓட ஆரம்பிச்சு, 1913ல ஓசூர் வரைக்கும் நீண்டு, 1941ல நின்னே போச்சு. அந்தக் கதையை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இன்னிக்குச் சொல்லப்போறது பெரிய லைன்ல போன ஜனங்களைப் பத்தி. சாமல்பட்டி, திருப்பத்தூர், ஜோலார்பேட்டை, ஆம்பூர்னு தாண்டி காட்பாடியில இறங்குவாங்க. அங்கிருந்து பஸ் பிடிச்சா வேலூர்.

எங்க பக்கத்துல "வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம்"னு ஒருத்தரைப் பத்திச் சொன்னா, அதுக்கு மேல யாரும் துருவ மாட்டாங்க. வியாதி பெருசுன்னு புரிஞ்சுக்கிட்டு நகர்ந்துடுவாங்க. நானும் அந்த லைன்ல போனவன்தான்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. முழங்கையில ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தடிப்பு. சொறிஞ்சா வெள்ளையா செதில் உதிரும். ஆறு மாசத்துல முழங்கால், தலை, முதுகுன்னு பரவிடுச்சு. சொரியாசிஸ். சித்த வைத்தியத்துல காளாஞ்சகப்படைம்பாங்க. ஒரு மாசம் போல எடுத்துக்கிட்டு வளர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள், நாலஞ்சு நாள்லயே வளர்ந்து குவியிற கோளாறு. தொத்தவே தொத்தாது. இதெல்லாம் இப்போ தெரியும். அப்போ ஊர்ல வேற பேர் வச்சாங்க. சலூன்காரர், "துண்டை வீட்ல இருந்து கொண்டாந்துடு தம்பி"ன்னார். அடுத்த மாசம், "தர்மபுரியில வெட்டிக்கோயேன்"னார். ஒரு கல்யாணப் பந்தியில என் பக்கத்து இலை கடைசி வரைக்கும் காலியாவே இருந்துச்சு. அன்னியில இருந்து சித்திரை வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான்.

ஆயா என்னைத் தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போச்சு. அரூர் தாண்டி, மலை ஏறி, பாறையில இருந்து விழுற ராமர் தீர்த்தத்துல நிக்க வச்சு, "போயிடும் சாமி, எல்லாம் போயிடும்"னு முதுகைத் தேய்ச்சு விட்டுச்சு. போகலை. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஆறு மாசத்துல என் முதுகைத் தொட்ட ஒரே கை ஆயாவோடதுதான்.

அப்புறம் ஒரு டவுன் டாக்டர் (பேர் வேணாம்) தலையை நிமிர்த்தாம ஊசி போட்டார். பத்தே நாள்ல தோல் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. வீட்ல பொங்கல் வச்சோம். ஊசியை நிறுத்தினதும் ரெண்டு மடங்கா திரும்பி வந்துச்சு. அது ஸ்டீராய்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. சொரியாசிஸ்காரங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். அதுக்கப்புறம்தான் காட்பாடிக்கு டிக்கெட் எடுத்தோம்.

வேலூர்ல டோக்கனுக்கு உட்கார்ந்திருந்தப்போ பக்கத்துல ஒரு பெரியவர். முன்கையில நீளமா ஒரு பழைய தழும்பு, மூக்கு கொஞ்சம் அமுங்கினாப்ல. டீ டம்ளரைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடிச்சு நிதானமா குடிச்சார். நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, "பிராண்டு டாக்டர் காலத்துக் கை தம்பி இது"ன்னார். எனக்குப் புரியலை. அது யாருன்னு தேடிப் படிக்கவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

பால் பிராண்ட். 1914ல கொல்லிமலையில பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மிஷனரி, 1929ல மலைக் காய்ச்சல்ல அங்கேயே போயிட்டார். அம்மா ஈவ்லின் மட்டும் ஓய்வு வயசு தாண்டியும் திரும்பிப் போகாம, கொல்லிமலை, நம்ம கல்வராயன் மலைன்னு மலை மலையா குதிரையில சுத்தி, 1974ல தொண்ணூத்தஞ்சு வயசுல இங்கேயே இறந்தாங்க. (இந்தம்மாவைப் பத்தித் தனியா எழுதணும்.) மகன் லண்டன்ல அறுவை சிகிச்சை படிச்சுட்டு 1946ல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தக் காலத்துத் தொழுநோய் வைத்தியத்தையும் சொல்லிடறேன். பல தலைமுறையா நம்ம ஆளுங்க நம்பினது நீரடிமுத்து எண்ணெயை. வெள்ளைக்கார டாக்டர்களும் அதே வகைக் கொட்டையில இருந்து எடுத்த எண்ணெயைத்தான் ஊசியில ஏத்திப் போட்டாங்க. குத்தின இடம் வீங்கி ரணமாகும், பலன் கொஞ்சம்தான். 1941ல அமெரிக்காவுல கார்வில்ங்கிற இடத்துல சல்ஃபோன் மருந்து வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாங்க. 1946ல செங்கல்பட்டு திருமணி லேடி வெலிங்டன் ஆஸ்பத்திரியில ராபர்ட் காக்ரேன் அதுல விலை குறைஞ்ச டாப்சோனைப் போட ஆரம்பிச்சார். கிருமி செத்துச்சு. நோய் தீர்ந்துடுச்சுன்னு சொல்லலாம். மனுஷன்?

1947ல பிராண்ட் செங்கல்பட்டுக்குப் போறார். எங்கே பார்த்தாலும் மடங்கின விரல்கள். ஏன் இப்படி மடங்குதுன்னு காக்ரேனைக் கேட்டா, எலும்பு டாக்டர் நீங்கதானே, நீங்க சொல்லுங்கன்னு திருப்பிக் கேட்கிறார். தொழுநோய்க்கு அத்தனை தோல் டாக்டர்கள் இருந்தும், கையைப் பார்க்க எலும்பு டாக்டர் ஒருத்தர்கூட வரலை. பிராண்ட் ஒரு நோயாளியோட கைக்குள்ள தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்தாளு அழுத்தின அழுத்துல இவருக்கு வலி உயிர் போச்சு. செத்துப்போன கைன்னு எல்லாரும் நினைச்சதுல இத்தனை பலமான்னு ஆச்சரியம். முன்கையில நல்லா இருக்கிற தசைநாரை எடுத்து விரலுக்கு மாத்திக் கட்டினா கை திறக்கும்னு அங்கதான் பொறி தட்டியிருக்கு. பெரியவர் கையில நான் பார்த்த தழும்பு அதுதான்.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். தொழுநோயில விரல் அழுகி விழறதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமப் போயிடுது, அவ்வளவுதான். துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு, பிராண்டுக்கே திறக்கலை. பத்து வயசுப் பையன் சாவியைத் திருகித் திறந்துட்டான். தரையில ரத்தம் சொட்டுது. விரல் எலும்பு தெரிய வெட்டியிருக்கு, பையனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி தூங்கி எழுந்தா விரல் நுனியைக் காணோம்னு சிலர் வந்தாங்க. காவல் இருந்து பார்த்தா, எலி! கடிச்சா வலிக்கணுமே, வலிக்கலை. அதுக்கப்புறம் ஆளுக்கொரு பூனை. வீட்டுக்குப் போறவங்க கையிலயும் பூனையைக் கொடுத்து அனுப்பினாங்களாம். அரசு ஆஸ்பத்திரிகள்ல தொழுநோய்க்காரங்களுக்கும் சர்க்கரை நோய்க்காரங்களுக்கும் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பும் இந்த 'வலி தெரியாத கால்' ஆராய்ச்சியில இருந்து வந்ததுதான்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். கை சரியாகி வீட்டுக்குப் போனவங்க கொஞ்ச நாள்ல திரும்பி வந்தாங்க. நன்றி சொல்ல இல்ல, குறை சொல்ல. மடங்கின கையை நீட்டினப்போ காசு விழுந்துச்சு, இப்போ நல்ல கையைப் பார்த்து எவனும் பிச்சை போட மாட்டேங்கிறான், மூஞ்சியைப் பார்த்து எவனும் வேலையும் கொடுக்க மாட்டேங்கிறான். இந்தக் கை பிச்சைக்கு ஆகாதுன்னு ஒருத்தர் பிராண்ட்கிட்டயே சொல்லியிருக்கார். இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

வேற டாக்டரா இருந்தா, என் வேலை கை, அது முடிஞ்சது, போயிட்டு வான்னு அனுப்பியிருப்பார். வேலூர்ல ரெண்டு காரியம் செஞ்சாங்க. ஒண்ணு, 1951ல கல்லூரி வளாகத்துலயே மண் குடிசைகள் கட்டி 'நவ ஜீவ நிலையம்'னு ஆரம்பிச்சாங்க. கை சரியானவங்க தச்சு வேலை, பொம்மை செய்யிறதுன்னு கத்துக்கிட்டு, சம்பாதிக்கிற ஆளா ஊருக்குப் போகணும்னு திட்டம். தொழுநோயாளியைப் பொது வார்டுல சேர்த்தா மத்தவங்க ஓடிடுவாங்கன்னு பயந்த காலத்துல இது நடந்துச்சு.

ரெண்டாவது, புருவம். தொழுநோய்ல புருவ முடி கொட்டிடும். மருந்துல கிருமி செத்தாலும் கொட்டின புருவம் வராது. ஊர்க்காரன் முதல்ல பார்க்கிறது அதைத்தான். அதனால தலையில இருந்து முடியோட ஒரு பட்டைத் தோலை, ரத்தக்குழாய் அறாம, நெத்தித் தோலுக்கு அடியில நுழைச்சுக் கொண்டுவந்து புருவத்துல நட்டாங்க. அது தலைமுடி இல்லையா, நிக்காம வளரும்! கத்தரிக்கணும். சிலபேர் கத்தரிக்க மாட்டேன்னு பிடிவாதமா கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்த்துக்கிட்டுத் திரிஞ்சாங்களாம் :) உயிர் காக்கிற சிகிச்சை இல்லை. பணத்துக்குத் திண்டாடுற ஆஸ்பத்திரியில புருவம் ஒரு ஆடம்பரம்னு யாராவது கேட்டிருப்பாங்க. என்னைக் கேட்டா, பிராண்ட் செஞ்சதுலயே பெரிய ஆபரேஷன் அதுதான்.

இதே நேரம் நம்ம ஊர் டாக்கீஸ்ல என்ன ஓடிச்சு? 1954ல 'இரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதா நடிப்பை நான் குறை சொல்ல மாட்டேன், குரலை இன்னிக்கும் மிமிக்ரி பண்றோம். ஆனா பெருவியாதின்னா தப்பு செஞ்சதுக்குக் கிடைச்ச கூலிங்கிறதை அந்தப் படம் மாதிரி நம்ம மண்டையில ஏத்தினது வேற எதுவும் இல்லை. கடவுளையே கேலி பண்ணின பகுத்தறிவுக்காரர் அவர். அவர் படத்துலயும் வியாதி பாவத்துக்குச் சம்பளமாத்தான் வருது. அந்தப் படம் வந்ததுக்கு அடுத்த வருஷம், 1955ல, வேலூருக்குப் பக்கத்துல கரிகிரியில தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. படம் எத்தனை பேரைத் தொட்டுச்சு, கரிகிரி எத்தனை பேரைத் தொட்டுச்சுன்னு யோசிச்சா பெருமூச்சுதான்.

நோய் வந்தவரே பேசின கதையும் உண்டு. டி.என்.ஜகதீசன். சீனிவாச சாஸ்திரியாரோட கடிதங்களைத் தொகுத்தவர். சின்ன வயசுலயே தொழுநோய். ஒளிச்சு வச்சு வச்சு மனசு நொந்து, கடைசியில காக்ரேனோட சேர்ந்து தொழுநோய்ப் பணிக்கே வந்துட்டார். விழுப்புரம் பக்கம் மழவந்தாங்கல்ல கஸ்தூர்பா பேர்ல ஒரு நிலையம் உருவாகக் காரணமா இருந்தார். காந்தி தன்னோட நிர்மாணத் திட்டத்துல தொழுநோயாளிகளைச் சேர்த்ததுலயும் அவருக்குப் பங்கு உண்டு. 1988ல வந்த அவரோட சுயசரிதைக்குப் பேர் 'ஃபுல்ஃபில்மென்ட் த்ரூ லெப்ரஸி'. தொழுநோயாலே நிறைவுன்னு அர்த்தம். முழுக்கைச் சட்டைக்குள்ள ஒளிஞ்சிருந்த எனக்கு அந்தத் தலைப்பே ஒரு அறை.

சட்டம் ரொம்ப மெதுவா வந்துச்சு. 1981ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைச்சு, 2005 டிசம்பர்ல பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழேன்னு இந்தியா அறிவிச்சாச்சு. ஆனா தொழுநோயாளிகளைப் பிடிச்சு அடைக்கச் சொன்ன 1898ஆம் வருஷச் சட்டம் 2016லதான் ரத்தாச்சு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்ங்கிறதை எடுத்தது 2019ல.

பிராண்ட் 1966ல அமெரிக்காவுக்குப் போயிட்டார், 2003ல காலமானார். அவர் எழுதினதுல ஒரு சின்ன சம்பவம். ஒரு நோயாளி தோள்ல கை வச்சு, உங்களுக்கு இன்னின்ன சிகிச்சைன்னு சொல்லிக்கிட்டிருக்கார். அந்தாள் குலுங்கிக் குலுங்கி அழறார். தப்பா எதுவும் சொல்லிட்டேனான்னு பதறி மொழிபெயர்க்கிறவங்களைக் கேட்டா, பல வருஷமா தன்னை யாரும் தொட்டதில்லைன்னு அழறார்னாங்களாம். எனக்கு ராமர் தீர்த்தமும் ஆயாவும் ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு வேலூர்ல என்னைப் பார்த்த டாக்டரம்மா வெறுங்கையால முழங்கைத் தடிப்பைத் தடவிப் பார்த்துட்டு, முதல்ல கேட்டது "தூக்கம் வருதா?" ரெண்டாவது, "வெளிய போறியா?" அப்புறம்தான் மருந்து. இதை எழுதறப்போ இதுக்கு ஒரு காரணமும் தெரியும். மனசு நொந்தா சொரியாசிஸ் கிளம்பும், கிளம்பினா மனசு நோகும், செக்கு மாதிரி. 2014ல உலக சுகாதார சபையே சொரியாசிஸ் பத்தித் தீர்மானம் போட்டப்போ ஒதுக்கி வைக்கிறதையும் சேர்த்துத்தான் பேசுச்சு. நான் இப்போ வாரம் ஒரு மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் டாக்டர் சொல்படி. கூடவே தர்மபுரி சித்த வைத்தியர் சொன்ன வெட்பாலை எண்ணெய். இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வச்சா ஊதாவா மாறும், பார்க்கவே அழகு. முழுசா போயிடுச்சான்னா, இல்லை. வரும், போகும். எண்ணெய் எல்லாருக்கும் கேட்கும்னும் சொல்ல மாட்டேன், மாத்திரையை நிறுத்திட்டு யாரும் இலை பறிக்கக் கிளம்பிடாதீங்க.

போன மாசம் முழங்கையில மறுபடி ஒண்ணு. அரைக்கைச் சட்டையிலயே அதே சலூனுக்குப் போனேன். இப்போ இருக்கிறது அவர் மகன். "என்னண்ணா இது, வெயிலா?"ன்னான். "சொரியாசிஸ்ப்பா"ன்னேன். "எங்க மாமனாருக்கும் இருக்குதுண்ணா, ஆறு மாசமா வீட்டை விட்டு வெளிய வரமாட்டேங்கிறார்"னு சொல்லிக்கிட்டே கடைத் துண்டை எடுத்து என் கழுத்துல கட்டினான். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த மாமனாரைப் பார்க்கப் போறேன்.