எண்ணெய் உறையும் மலையில் ஒரு பழக்கம்

தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு ஒரு வரலாறு உண்டா என்று சிலர் கேட்கலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், உண்டு என்றே சொல்ல வேண்டும்.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங்கின் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே வேலைக்கு வந்த தமிழர்கள் வெயில் காயும் சமவெளியின் பழக்கங்களைக் கொண்டவர்கள். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய் முழுக்கு நாட்கள் என்பது ஊர் வழக்கம். நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காயால் அலசுவார்கள். மற்ற நாட்களில் தலைவாரத் தேங்காய் எண்ணெய்.

இந்தப் பழக்கத்துக்கு மலையில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது குளிர். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகிவிடும். கேமரன் மலையின் சராசரி வெப்பமோ சுமார் 18 டிகிரி. கீழே பால்மரத் தோட்டங்களில் தண்ணீர்போல ஓடிய எண்ணெய், மேலே போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நின்றது. வெந்நீரில் வைத்தோ வெயில் காட்டியோ இளக்கினால்தான் தலைக்கு ஆகும்.

இரண்டாவது நேரம். பெரட்டுக்கு விடியற்காலையில் போய் நிற்க வேண்டிய தொழிலாளிக்கு, எண்ணெய் ஊறவும் நீண்ட கூந்தல் காயவும் நேரம் ஏது? பனிமூட்டத்தில் ஈரத்தலை எளிதில் உலராது. செவ்வாய், வெள்ளி என்ற கணக்கு தோட்டத்து மணிக்கு முன்னால் நிற்க முடியாது. ஓய்வு நாளின் உச்சிவெயிலே அதற்கு வாய்த்த பொழுது.

இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் அளவுக்கு அதில் பயன் உண்டா? உண்டு. முடி தண்ணீரில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மேல்தோல் செதில்கள் தேய்ந்து, உள்ளிருக்கும் புரதம் கரைகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எண்ணெய் தானாக ஈரம் தருவதில்லை. அலசும்போது நேரும் சேதத்தைக் குறைக்கிறது. ஆகவேதான் குளிக்கும் முன் எண்ணெய் என்ற பழைய வரிசை பொருளுள்ளதாகிறது. ஆனால் பொடுகு உள்ளவர்கள் நாள்கணக்கில் எண்ணெயை விட்டுவைத்தால் அது அதிகரிக்கக்கூடும்.

1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஊரிலிருந்து புதியவர்கள் வருவது குறைந்தது. அதன்பின் இப்பழக்கம் உயிரோடு இருந்தது லயத்தில் பிறந்த பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைத்த தாய்மாரின், பாட்டிமாரின் கையால்தான். எந்தப் பதிவேடும் அந்த வேலையை வேலையாகக் கணக்கிட்டதில்லை.

இன்று இம்மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்கு இறங்கிவிட்டன. அங்கே எண்ணெய் உறைவதில்லை, வெந்நீர் குழாயிலேயே வருகிறது. இருந்தும் பல வீடுகளில் எண்ணெய் முழுக்கு தீபாவளி விடியலோடு நின்றுவிட்டது. முன்னோர் குளிரோடும் பெரட்டு மணியோடும் போராடி மீட்ட அரை மணி நேரத்தை, வசதி வந்த நாம் கைவிடலாமா? வாரத்துக்கு ஒருமுறை, ஒருவர் தலையில் இன்னொருவர் எண்ணெய் வைத்தால் போதும். முடியோடு உறவும் காயாமல் இருக்கும்.