எக்ஸ்டென்ஷன் எண்: கைபேசிக்கு வந்த வழி

எக்ஸ்டென்ஷன் எண் என்பது ஓர் அலுவலகமோ மருத்துவமனையோ விடுதியோ தன் கட்டடத்துக்குள் இருக்கும் தொலைபேசிகளுக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இலக்கம் இருக்கும். வெளியாட்களுக்குத் தெரிந்த எண் ஒன்றுதான். உள்ளே மேசைக்கு மேசை, அறைக்கு அறை வேறு எண். வெளியிலிருந்து கூப்பிடுபவர் முதலில் பொது எண்ணைப் பிடிக்க வேண்டும். எதிர்முனையில் எடுத்த பிறகுதான் உள் எண்ணைச் சொல்லவோ அழுத்தவோ முடியும். கைபேசியில் இதைத் தானாக நடக்கச் செய்ய எண்ணுக்கு நடுவே கமாவையோ அரைப்புள்ளியையோ இடுகிறார்கள்.

பொதுத் தொலைபேசி வலைப்பின்னலுக்கு இந்த உள் எண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழைப்பை வாசல் வரை கொண்டுவந்து விடுவதோடு அதன் வேலை முடிந்தது. வாசலிலிருந்து மேசை வரை யார் கொண்டுபோவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டது. எக்ஸ்டென்ஷன் எண்ணின் வரலாறு அந்த விடைகளின் வரலாறுதான்.

முதல் விடை, மனிதர். 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் கோய் என்பவர் உலகின் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகத்தைத் திறந்தார். சந்தாதாரர் 21 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் ஆபரேட்டர் அவர். நியூ ஹேவன் இணைப்பகம் திறந்து சரியாக நான்கு ஆண்டு கழித்து, 1882 ஜனவரி 28 அன்று, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. கல்கத்தா இணைப்பகத்தில் 93 சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

ஊருக்கு ஓர் இணைப்பகம் என்றிருந்த ஏற்பாடு விரைவில் கட்டடத்துக்கு ஒன்றாகச் சுருங்கியது. பெரிய கம்பெனிகளும் விடுதிகளும் தங்களுக்கென்று சிறு பலகைகளை வைத்துக்கொண்டன. இருநூறு மேசைக்கு இருநூறு வெளி லைன் வாங்குவது யாருக்கும் கட்டாது. பத்து லைன் வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் பிறந்தது இந்தச் சிக்கனக் கணக்கில்தான். பலகையின் முன்னால் உட்கார்ந்த ஆபரேட்டர் வடத்தைத் துளையில் செருகி வெளி லைனையும் உள் லைனையும் இணைப்பார். கேட்ட ஆள் இடத்தில் இல்லையென்றால் பக்கத்து மேசைக்குத் தருவார், தகவலைக் குறித்துக்கொள்வார், அவசரம் என்று குரலிலேயே புரிந்துகொண்டு மேலதிகாரிக்கே இணைத்துவிடுவார். பின்னால் வந்த எந்த இயந்திரமும் இந்த அளவுக்கு இதைச் செய்யவில்லை.

இயந்திரம் வரத் தாமதமாகவில்லை. கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது இயங்கத் தொடங்கியது. ஆபரேட்டர் இல்லாமலே சந்தாதாரர் தானே எண்ணைப் பிடிக்கலாம். அதே நுட்பம் அலுவலகத்துக்குள்ளும் புகுந்தது. பக்கத்து அறைக்கு மூன்று இலக்கம் சுழற்றினால் போதும், வெளியே பேச முதலில் 9 அல்லது 0 என்ற வழக்கம் நிலைத்தது.

ஆனால் வெளியிலிருந்து வருபவருக்கு வாசல் திறக்கவில்லை. காரணம் சுழல் டயலின் வேலைமுறை. டயல் சுழன்று திரும்பும்போது லைனில் ஓடும் மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். ஐந்தைச் சுழற்றினால் ஐந்து துண்டிப்பு. இந்தத் துடிப்புகளை எண்ணிப் பார்ப்பது உள்ளூர் இணைப்பகம். பேச்சு போகும் பாதையில் அவை அப்படியே எதிர்முனைக்குப் போய்ச் சேர்வதில்லை. எனவே எதிரே போனை எடுத்த பிறகு டயலை எவ்வளவு சுழற்றினாலும் அங்கிருக்கும் பலகைக்கு ஒன்றும் விளங்காது. உள் எண்ணை வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

இதை மாற்றியது ஒலி. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும்: வரிசைக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று. 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். ஒற்றைச் சுரமாக இருந்தால் பேசுபவரின் குரலோ சீட்டியோ தற்செயலாக அதைப் போலவே ஒலித்துவிடும். இரண்டு சுரம் சரியான இணையாகச் சேர்ந்து வருவது மனிதக் குரலில் அரிது. பொத்தான்களின் அடுக்கும் எளிதில் முடிவாகவில்லை. பெல் ஆய்வகத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் குழு பலவித அமைப்புகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்த பிறகே 1-2-3 மேல்வரிசைக்கு வந்தது. * , # இரண்டும் 1968-ல் சேர்ந்தன. இன்றைய தொடுதிரையிலும் இதே அடுக்குத்தான்.

சுரம் என்பது குரலைப் போன்ற ஒலிதான். குரல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். வாசலைத் தாண்டி உள்ளே போக வழி கிடைத்தது. எதிர்முனையில் ஒரு கருவி போனை எடுத்து, பதிவுக் குரலில் வரவேற்று, அழுத்திய சுரங்களைக் கேட்டு மேசைக்கு இணைக்கலாம். ‘எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் இப்போது அழுத்தவும்’ என்ற அறிவிப்பும், ‘தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்’ என்ற அறிவிப்பும் இந்த ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே எக்ஸ்டென்ஷனை நிறுவனத்தின் எண்ணோடு அப்படியே ஒட்டிவிடுவார்கள். எண்ணின் நீளம் இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு அந்நாட்டில் இல்லாததால் இது முடிந்தது. கடைசியில் சிறு கோடு போட்டு 0 எழுதினால் வரவேற்பு. அந்த 0-க்குப் பதில் 27 என்று பிடித்தால் நேராக அந்த மேசை. அமெரிக்காவும் 1960-களில் ஒரு நிறுவனத்துக்கு எண்களைத் தொகுப்பாகக் கொடுத்து, கடைசி இலக்கங்களை மேசைக்கு அனுப்பும் சேவையைத் தொடங்கியது. இந்தியாவிலும் 30 பேச்சுத் தடங்கள் கொண்ட டிஜிட்டல் இணைப்பு வாங்கும் நிறுவனங்கள் இப்படி நேரடி எண்களைத் தருகின்றன. இதுவே ஆகச் சிறந்த விடை. கூப்பிடுபவர் காத்திருக்க வேண்டாம், எந்தக் குறியும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மேசைக்கும் பொது எண் வேண்டும். அதனால் எல்லோராலும் அதைச் செய்ய முடியவில்லை.

இந்தியாவில் எக்ஸ்டென்ஷன் பரவலாகச் சிறு நிறுவனங்களையும் எட்டியதில் சி-டாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சாம் பிட்ரோடாவின் முனைப்பில் 1984-ல் தொடங்கிய இந்த அரசு ஆய்வு மையம் 128 இணைப்பு கொண்ட டிஜிட்டல் அலுவலக இணைப்பகத்தை வடிவமைத்து, அதைத் தயாரிக்கும் உரிமத்தைப் பல கம்பெனிகளுக்கு வழங்கியது. அதன் உடன்பிறப்பான கிராம இணைப்பகம் 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. மாவட்டத் தலைநகர் மருத்துவமனையும் பஞ்சாலையும் தங்கள் உள் இணைப்பகத்தை ‘ஈபிஏபிஎக்ஸ்’ என்று சொல்லத் தொடங்கிய காலம் அது. ஆனால் வெளியே பல லைன்கள் துடிப்பு முறையிலேயே இருந்தன. போனின் பக்கவாட்டில் பல்ஸ், டோன் என்று சிறு சுவிட்ச் இருக்கும். பொது எண்ணைத் துடிப்பில் பிடித்து, எதிர்முனை எடுத்ததும் சுவிட்சைத் தள்ளி உள் எண்ணைச் சுரத்தில் அழுத்த வேண்டும். அக்காலத்தில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களின் விரல்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் நினைவிருக்கும்.

கமா வந்தது தொலைபேசியிலிருந்து அல்ல, கணினியிலிருந்து. 1981-ல் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் ஸ்மார்ட்மோடம் என்ற கருவியை அமெரிக்காவில் வெளியிட்டார்கள். தொலைபேசி எண்ணை எழுத்தாகத் தட்டச்சு செய்தால் மோடம் அதைப் பிடிக்கும். அலுவலகத்திலிருந்து வெளியே பேச 9 அழுத்தி, வெளி லைனின் டயல் டோன் வரும்வரை பொறுக்க வேண்டும் அல்லவா? அந்தப் பொறுமையை மோடத்துக்குச் சொல்லும் குறியாகக் கமாவை வைத்தார்கள். ஒரு கமாவுக்கு வழக்கமான நேரம் இரண்டு நொடி. கட்டடத்தை விட்டு வெளியே போகப் பிறந்த குறி, பின்னால் கட்டடத்துக்குள் நுழையப் பயன்பட்டது.

ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறைக் கைபேசி வந்தபோது புதிய சிக்கல். கைபேசி எண்ணைச் சுரமாக அனுப்புவதே இல்லை. முழு எண்ணையும் ஒரே செய்தியாக வலைப்பின்னலுக்கு அனுப்பிவிடும். பேச்சையோ நொடிக்கு 13 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பும். அந்தச் சுருக்கம் மனிதக் குரலுக்காக அமைந்தது. அதற்குள் இரட்டைச் சுரத்தைச் செலுத்தினால் சிதைந்துபோகும். அதனால் அழைப்பின் நடுவே 5-ஐ அழுத்தினால் கைபேசி ‘5 அழுத்தப்பட்டது’ என்ற செய்தியை மட்டும் அனுப்பும். வலைப்பின்னலின் இணைப்பகம் அந்தச் சுரத்தைத் தானே எழுப்பி எதிர்முனைக்குத் தரும். காதில் விழும் பீப் ஒலி பயனருக்காகக் கைபேசி எழுப்புவது. எக்ஸ்டென்ஷனைப் பிடிப்பது வேறொரு இடத்தில் பிறக்கும் ஒலி. 4ஜி வழிப் பேச்சிலும் இலக்கங்கள் இப்படித் தனிப் பொட்டலங்களாகவே போகின்றன.

ஜிஎஸ்எம் தரநிலை இன்னொன்றையும் வரையறுத்தது. பொது எண்ணுக்கும் பின்னால் வரும் இலக்கங்களுக்கும் இடையே ஒரு பிரிப்புக் குறி உண்டு. எதிர்முனை எடுத்ததும் மூன்று நொடி பொறுத்து மீதியை அனுப்ப வேண்டும். அடுத்தடுத்து அதே குறி வந்தால் ஒவ்வொன்றுக்கும் மேலும் மூன்று நொடி. நோக்கியா போன்களில் * பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டினால் +, பிறகு ‘பி’, பிறகு ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்துகள் வந்தது இதற்காகத்தான். முதல் எழுத்து இடைநிறுத்தம், அடுத்தது காத்திருப்பு. அந்த வசதியைக் கண்டுகொண்ட பயனர்கள் குறைவு. பிளாக்பெர்ரி எக்ஸ்டென்ஷனுக்கென்றே ஒரு குறியை வைத்திருந்தது. அலுவலகத்துக்குள் மும்முரமாக விற்ற கருவி அது என்பதால் அதில் வியப்பில்லை.

ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஹேய்ஸின் கமாவை ஏற்றுக்கொண்டன. ஐபோனின் எண்பலகையில் * பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கமா வரும். # பொத்தானைப் பிடித்தால் அரைப்புள்ளி வரும். ஆண்ட்ராய்டில் எண்ணைத் தட்டிய பிறகு மூன்று புள்ளிப் பட்டியலைத் திறந்தால் இரண்டு நொடி இடைநிறுத்தம், காத்திருப்பு என்ற இரு தெரிவுகள் கிடைக்கும். கமா நேரத்தை எண்ணும். அரைப்புள்ளி பயனரின் சொல்லுக்காக நிற்கும். எதிர்முனை எடுத்ததும் திரையில் கேட்கும், ஒப்புக்கொண்டால் மீதியை அனுப்பும். ‘இரண்டு நொடி’ என்பதையும் எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலில் ஜிஎஸ்எம் அழைப்புக்கு அந்த இடைவெளி தரநிலையைப் பின்பற்றி மூன்று நொடியாக எழுதப்பட்டிருக்கிறது.

கமா, அரைப்புள்ளி இரண்டில் எது நல்லது என்பதற்கு எதிர்முனையின் குணமே விடை. வரவேற்புக் குரல் பேசும்போதே எண்ணை ஏற்கும் அலுவலகம் என்றால் ஒரு கமா போதும். குரல் முழுதும் முடிந்த பிறகுதான் கேட்கும் என்றால் இரண்டு, மூன்று கமா போட்டுப் பார்க்க வேண்டும். மொழித் தேர்வு, துறைத் தேர்வு, பிறகு எக்ஸ்டென்ஷன் என்று அடுக்கடுக்காகப் போகும் இடத்தில் கமா பெரும்பாலும் தோற்கும். அங்கே அரைப்புள்ளியே நம்பகமானது. கைபேசிக்கு எதிரே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் காது இல்லை. அது நொடியை மட்டும் எண்ணுகிறது.

வயதானவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இந்தச் சிறு வசதி எவ்வளவு பெரியது என்பதை உற்பத்தியாளர்கள் இன்னும் உணரவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, இருண்டுபோன திரையை எழுப்பி, எண்பலகையைத் திறந்து, நான்கு இலக்கத்தைச் சரியாகத் தட்டுவதற்குள் எதிர்முனை ‘தவறான தேர்வு’ என்று சொல்லிவிடும். டயாலிசிஸ் பிரிவின் எக்ஸ்டென்ஷனை வீட்டில் யாராவது ஒருமுறை தொடர்புப் பட்டியலில் கமாவோடு சேர்த்துச் சேமித்துவிட்டால், பாட்டி ஒரே தட்டில் பேசலாம். பட்டியலின் மூலையில் ஒளித்து வைக்க வேண்டிய வசதி அல்ல இது.

இணைய இணைப்புகளிலும் இதே கேள்வி எழுந்தது. தொலைபேசி எண்ணை இணைப்பாக எழுதும் முறையை 2000-ல் வெளியான ஆர்எஃப்சி 2806 என்ற ஆவணம் வகுத்தபோது இடைநிறுத்தக் குறிகளுக்கும் அதில் இடம் இருந்தது. 2004-ல் அதற்குப் பதிலாக வந்த ஆர்எஃப்சி 3966 அவற்றை நீக்கிவிட்டு, எக்ஸ்டென்ஷனுக்குத் தனிப் பெயர் தந்தது. நடைமுறையில் கமாவே வென்றது. 2020-ல் ஊரடங்கின்போது ஜூம் கூட்டங்களின் அழைப்பிதழில் ஒரே தட்டில் போன் வழியாகச் சேரும் நீண்ட எண் வந்ததே, அதன் நடுவில் இருந்தவை கமாக்கள்தான்.

எக்ஸ்டென்ஷன் அமைப்பின் மிகக் கொடிய விளைவு வாசலின் மறுபக்கத்தில், வெளியே போகும் வழியில் நேர்ந்தது. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகர விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அழைப்பு போகவே இல்லை. கேரியின் தந்தை நடத்திய போராட்டத்தின் பயனாக 2018-ல் ‘கேரி சட்டம்’ கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16 முதல் அமெரிக்காவில் புதிதாக நிறுவப்படும் பலவழித் தொலைபேசி அமைப்புகள் எந்த முன் இலக்கமும் இல்லாமல் 911-ஐ இணைத்தாக வேண்டும்.

இதற்கிடையே எக்ஸ்டென்ஷனே கைபேசிக்குள் குடிவந்துவிட்டது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கணினியை அலுவலக இணைப்பகமாக்கியது. அதனோடு பேசும் செயலியைக் கைபேசியில் நிறுவினால் மேசை எண் பையிலேயே ஒலிக்கும். இந்தியாவில் இணையப் பேச்சைப் பொதுத் தொலைபேசியோடு இணைப்பதற்கு நெடுங்காலம் கடும் கட்டுப்பாடு இருந்தது. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை வெளிப்பணி நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. அதன் பிறகு சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனைத் தென்காசியில் வீட்டிலிருந்தபடியே எடுக்கலாம். கூப்பிடுபவருக்கு அதே பொது எண், அதே கமா, அதே மூன்று இலக்கம். ஆனால் அந்தச் செயலி வழியாக அவசர உதவியைக் கூப்பிட்டால் அழைப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை அலுவலக இணைப்பகம் எப்படிச் சொல்லும் என்பது, அதை நிறுவுபவர்கள் முன்கூட்டியே தீர்த்துவைக்க வேண்டிய வேலை.