சந்தனம் மணக்கும் சவரச் சவர்க்காரம்



"சார், அப்பாவின் சவரச் சவர்க்காரம் சந்தனம் மணக்கிறதே! மணம் இருந்தால்தான் நன்றாக மழிக்குமா?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. விடை கூறச் சிறிது வரலாற்றையும் புரட்டவேண்டும்.

மழிக்க உதவுவது மணமன்று, நுரை. தாடிமயிர் நீரை உறிஞ்சி மென்மையடைந்தால்தான் கத்தி இலகுவாக ஓடும். நுரை அந்த ஈரத்தைக் காத்து, கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலைத் தருகிறது. குளிக்கும் சவர்க்காரத்தின் நுரை சீக்கிரம் உலர்ந்துவிடும். எனவே சவரச் சவர்க்காரத்தில், நுரை நிலைத்திருக்க ஸ்டியரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்ப்பர். தூரிகையில் எளிதில் கரைய, பொட்டாஷ் காரத்தையும் கலப்பர்.

சந்தனம் தருவது மணம் மட்டுமே. அதன் எண்ணெயில் மிகுந்துள்ள சாந்தலால் மெல்ல ஆவியாவதால், முகம் கழுவிய பின்னும் வாசம் தங்குகிறது.

இந்த எண்ணெயின் கதை மைசூரில் விரிகிறது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். பின்னாளில் மைசூர்க் கட்டைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. எண்ணெய் அங்கேதான் வடிக்கப்பட்டது. 1914இல் உலகப்போர் மூண்டதும் ஏற்றுமதி தடைபட்டு, கட்டைகள் தேங்கின. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் சோர்ந்துவிடவில்லை. 1916இல் எண்ணெய் வடிக்கும் தொழில் அங்கேயே தொடங்கியது. 1918இல் சந்தனச் சவர்க்காரமும் உருவாயிற்று. கட்டை விற்ற நாடு, செய்பொருள் விற்கும் நாடாயிற்று!

ஆனால், ஒரு குறையும் உண்டு. உழவரின் சொந்த நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்கே உரியது என்று சட்டம் இருந்தது. தமக்கு உரிமையில்லாத மரத்தை நட்டுக் காக்க யார் முன்வருவர்? மணம் வயிரத்திலும் வேரிலும் உறைவதால், மரத்தை வேரோடு அகழ்ந்தே எடுப்பர். மீண்டும் ஒரு மரம் முதிரப் பல பத்தாண்டுகள் செல்லும். திருட்டும் பெருகிற்று. 1998இல் சந்தனம் அழிவாய்ப்புள்ள இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. 2001இல்தான் கர்நாடக அரசு சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உரியவருக்கே மரத்தின் உரிமையை வழங்கியது.

அம்மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுதான்: "தம்பி, நுரை உழைக்கிறது, மணம் மகிழ்விக்கிறது. அந்த மணம் நிலைக்கவேண்டுமானால், மரத்தை வளர்ப்பவனுக்கு அதில் பங்கு வேண்டும்."