எருசலேம் சென்ற ருஷ்யக் குடியானவர்: ஒரு வரலாற்று நோக்கு

யாத்திரையைத் தனிமனித பக்தியின் வெளிப்பாடாக மட்டும் காண்பது ஒரு மரபு. மக்களை மயக்கிய மூடநம்பிக்கையென அதனை ஒதுக்கிவிடுவது இன்னொரு மரபு. முற்போக்கு நோக்குடையோரிற் சிலரும் இந்த இரண்டாவது தவறுக்கு ஆளாகியுள்ளனர். இரு சாராரும் யாத்திரிகரை அவர்தம் சமூக உறவுகளினின்றும் பிரித்தே நோக்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ருஷ்யாவிலிருந்து எருசலேமுக்குக் கூட்டங்கூட்டமாகச் சென்ற குடியானவரின் வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொள்வது இதன் பொருட்டேயாகும்.

1853 முதல் 1856 வரை நடைபெற்ற கிரிமியப் போரின் உடனடிக் காரணங்களுள் ஒன்று, பெத்லகேம், எருசலேம் ஆகிய இடங்களின் ஆலயங்கள் தொடர்பாகக் கத்தோலிக்கருக்கும் கிழக்கு வைதிகத் திருச்சபையினருக்குமிடையே எழுந்த உரிமைப் பிணக்காகும். முன்னவர்க்குப் பின்னால் பிரான்சும் பின்னவர்க்குப் பின்னால் ருஷ்யாவும் நின்றன. போரில் தோற்ற ருஷ்யா, 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி கருங்கடலிற் கடற்படை வைத்திருக்கும் உரிமையை இழந்தது. அதே ஆண்டில் அரச மானியத்துடன் ருஷ்ய நீராவிக் கப்பற் கம்பனி நிறுவப்பட்டது. அதற்குப் பிரயாணிகள் தேவைப்பட்டனர். யாத்திரிகர் அத்தேவையை நிறைவு செய்தனர். 1860 முதல் எருசலேம் நகர மதிலுக்கு வெளியே அவர்களுக்கெனத் தங்கு விடுதிகளும் வைத்தியசாலையும் தேவாலயமும் எழுந்தன. 1882இல் அரச குடும்பத்தவர் தலைமையில் தோன்றிய பலஸ்தீனச் சங்கம், புகையிரதத்துக்கும் கப்பலுக்கும் சேர்த்துக் குறைந்த கட்டணத்திற் பிரயாணச் சீட்டுக்களை வழங்கியது.

இச்சீட்டுக்களை வாங்கியோர் யாவர்? பெரும்பாலோர் வயது முதிர்ந்த குடியானவர். அவருள்ளும் பெண்களே மிகுதி. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டதாயினும், தாம் உழுத நிலத்துக்கான மீட்புப் பணத்தைக் குடியானவர் 1906 இறுதிவரை தவணை தவணையாகச் செலுத்த வேண்டியிருந்தது. அத்தகையோரே உலர்ந்த ரொட்டி நிறைந்த பைகளுடன் ஒதெஸ்ஸாத் துறைமுகத்திற் கப்பலேறி, அதன் அடித்தளத்தில் நெருக்குண்டு யாப்பா வந்திறங்கினர். யோர்தானில் வெண்ணிற அங்கியுடன் நீராடி, அவ்வங்கியையே தமது சவச்சீலையாகப் பேணினர். இதே காலத்தில், 1869 முதல், தோமஸ் குக் என்பார் ஆங்கில மத்தியதர வர்க்கத்தினரைக் கூடாரம், சமையற்காரர், வழிகாட்டி, குதிரை முதலிய வசதிகளுடன் அதே தலங்களுக்கு அழைத்துச் சென்றார். தலம் ஒன்றாயினும் யாத்திரை ஒன்றன்று. ஒரு சாரார்க்கு அது தாம் படித்த வேதாகமத்தின் விளக்கப்படம்; மறுசாரார்க்கோ, பிறர்க்கு உழைத்துக் கழிந்த வாழ்வில், தம் விருப்பின்படி மேற்கொண்ட ஒரே பிரயாணம் எனலாம்.

இதனை உணர்ந்தோருள் தோல்ஸ்தோய் முதன்மையானவர். 1885இல் வெளியான ‘இரு கிழவர்’ என்னும் அவரது கதையில், எருசலேம் புறப்பட்ட குடியானவன் ஒருவன் பட்டினியால் வாடும் குடும்பமொன்றுக்குத் தன் பணத்தைச் செலவிட்டு ஊர் திரும்புகின்றான். தலத்தை அடையாத அவனே மெய்யான யாத்திரிகனாகக் காட்டப்படுகின்றான். யாத்திரையை மறுக்காமல், அதன் உள்ளீடான மனிதநேயத்தை மக்கள் நிலைநின்று மீட்டெடுத்தமை இக்கதையின் சிறப்பாகும்.

பலஸ்தீனச் சங்கத்தின் வருவாயில் முக்கியமானது, குருத்தோலை ஞாயிறன்று ருஷ்யத் தேவாலயங்களிற் சேர்ந்த காணிக்கையாகும். ஏழைகளின் கொப்பெக்குகள் அதிற் கலந்திருந்தன. அவ்வருவாய் கொண்டு சிரியா, பலஸ்தீன் ஆகிய பகுதிகளிற் பாடசாலைகள் நடாத்தப்பட்டன. அரபு மக்களிடையே ருஷ்யச் செல்வாக்கை வளர்த்தலே நோக்கம். ஆயினும் விளைவு நோக்கத்தைக் கடந்து சென்றது. நாசரேத்தில் அமைந்த ருஷ்ய ஆசிரியர் கலாசாலையிற் பயின்ற கலீல் பைதாஸ் ருஷ்ய இலக்கியத்தை அரபு மொழியிற் பெயர்த்தார். அங்கேயே பயின்ற மிகாயில் நுஐமி, கலீல் ஜிப்ரானின் தோழராய் நவீன அரபு இலக்கியத்துக்கு வளமூட்டினார்.

1914ஆம் ஆண்டுப் போருடன் இவ்யாத்திரை முடிவுற்றது. பிரித்தானியர் ஆட்சியிற் பெண் யாத்திரிகரின் விடுதி சிறைச்சாலையாயிற்று. 1964இல் சோவியத் அரசு எருசலேமிலிருந்த ருஷ்ய உடைமைகள் பலவற்றை இஸ்ரவேலுக்கு விற்றது. விலையின் ஒரு பகுதி தோடம்பழங்களாகப் பெறப்பட்டது. சார் மன்னராட்சி குடியானவரின் பக்தியைப் பயன்படுத்திக்கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்தம் பேரில் ஆட்சிக்கு வந்தோரும் அப்பக்தியின் சமூக வேர்களை ஆராயாது, எஞ்சிய கட்டிடங்களுக்கு விலை பேசினர். மக்களின் நம்பிக்கையைப் பயன்படுத்துவதும் புறக்கணிப்பதும் எளிது. விளங்கிக்கொள்வதே ஆய்வாளரின் கடமையாகும்.