மணி பிளாண்ட் எந்த ஊர்க் கொடி?

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனால் லயத்து இஸ்தோப்பு ஓரமாகப் பாருங்கள். எங்காவது ஒரு பழைய போத்தல், அதில் தண்ணி, தண்ணிக்குள் ஒரு மணி பிளாண்ட். "களவெடுத்து வச்சாத்தான் நல்லா வரும்" என்று பக்கத்துக் காம்பராவில் ஒடித்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். களவோ கேட்டு வாங்கினதோ, ஒடிக்கிற துண்டில் கணு இருக்கணும். வேர் அங்கேயிருந்துதான் வரும். சுள்ளென்ற வெயில் ஆகாது. தண்ணியை வாரம் ஒருக்காவாவது மாத்துங்கள், நுளம்பு முட்டையிடும். சேம்புக் குடும்பம் என்பதால் இலையைக் கடித்தால் வாய் எரியும், சின்னப் பிள்ளைகள் கவனம்.

ஆங்கிலத்தில் இதற்கு 'சிலோன் க்ரீப்பர்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இது இந்த நாட்டுக் கொடியே இல்ல. சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கிற மூரேயா தீவு. 1880இல் ஐரோப்பியர்கள் பொத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள், இப்போதைய பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். பூப்பதும் கிட்டத்தட்ட இல்லை. பூக்கத் தேவையான ஜிபரெலின் ஹார்மோனை அதனால் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விதை இல்லாத கொடி கடல் தாண்டி வந்ததென்றால், யாரோ ஒடித்துக் கொண்டுவந்துதான்.

சப்ரகமுவ மலைகளை மூடியிருக்கிற ரப்பரும் வந்த மரம்தான். பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்தன. அந்த மரத்தில் பால் வெட்டவும் தேயிலை கொய்யவும் தமிழ்நாட்டிலிருந்து நம்ம ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கொடிக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்'. நமக்கு 1911 குடிசன மதிப்பீட்டில் கிடைத்த பெயர் 'இந்தியத் தமிழர்'. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்களையும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்? மீதி இருந்தவர்களின் பிரஜாவுரிமைக்குச் சட்டம் வர 2003 ஆச்சு.

பிரஜாவுரிமை வந்தாலும் காணி வரவில்லை. பெரும்பாலான லயக் காம்பராக்களுக்கு இன்றைக்கும் உறுதி கிடையாது, காம்பராவும் வாசலும் தோட்டத்துக்கே சொந்தம். மண்ணே கேட்காமல் போத்தல் தண்ணியில் வளருகிற கொடி லயத்துக்கு இவ்வளவு பொருந்திப்போனதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. போத்தலில் இலை உள்ளங்கை அளவுக்கு மேல் போகாது. லயத்துக்குப் பின்னால் பலா மரத்தில் ஏறிவிட்டதென்றால் அதே கொடியின் இலை சுளகு மாதிரி விரியும்.