பாப் ஹேய்ஸ்: ஓடுதடமும் பந்தாட்டத் திடலும்

பாப் ஹேய்ஸ் 1942-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தையும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வெற்றியையும் ஒருங்கே பெற்றவர் இவர் ஒருவரே.

கறுப்பின மாணவர்களுக்கென நிறுவப்பட்ட ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அவர் ஓட்டம், பந்தாட்டம் இரண்டிலும் ஈடுபட்டார். 1963-இல் 100 கெஜத்தை 9.1 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். உடலைக் குலுக்கிக்கொண்டு, பாதங்களை உட்புறம் திருப்பி ஓடும் அவரது பாணியில் அழகு குறைவு. ஆனால் அந்த வேகத்தோடு போட்டியிட ஆளில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது முதல் தடம். நடைப்போட்டி வீரர்கள் மிதித்துக் கிளறிய தடம் அது. காலணிகளில் ஒன்று காணாமல் போகவே, இரவல் காலணியோடு ஓடினார். அப்படியும் 10.0 விநாடியில் முடித்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் கடைசி ஓட்டக்காரரான அவர் கைக்குத் தடி வந்தபோது அமெரிக்க அணி பின்தங்கியிருந்தது. முன்னால் ஓடியவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி அவர் எல்லையைத் தொட்டபோது நேரம் 39.0 விநாடி; அதுவும் உலகச் சாதனை.

அந்த வெற்றியோடு 21 வயதில் தடகளத்தை விட்டு, 1965-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தார். பந்தைப் பிடித்து ஓடும் வைட் ரிசீவராக முதல் ஆண்டிலேயே 46 பந்துகளைப் பிடித்து, 1,003 கெஜம் முன்னேறி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச் டவுன்கள் 12 எடுத்தார். அதுவரை எதிரணிகள் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் வைத்தன. ஹேய்ஸைத் துரத்திப் பிடிக்க ஒருவரால் ஆகவில்லை. ஆகவே, ஆளைத் தொடராமல் திடலைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் முறையை அணிகள் வளர்த்தெடுத்தன. ஓட்டக்காரர் ஒருவரின் வேகம் ஆட்டத்தின் தற்காப்பு முறையையே மாற்றியது.

1972 ஜனவரியில் மயாமி டால்ஃபின்ஸ் அணியை 24-3 என வென்று டல்லாஸ் சூப்பர் பவுலைக் கைப்பற்றியது. 1975-இல் சான் பிரான்சிஸ்கோ அணியோடு ஹேய்ஸின் ஆட்டம் முடிந்தது. பிடித்த 371 பந்துகளில் 7,414 கெஜம், அதாவது ஒரு பிடிக்குச் சராசரியாக 20 கெஜம் கடந்திருந்தார்.

ஓய்வுக்குப் பின் போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2001-இல் டல்லாஸ் அணி தன் சிறந்த வீரர்களுக்கான ‘கௌரவ வளையம்’ என்ற பெயர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. 2002 செப்டம்பரில், 59 வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் 2009-இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.